வெளியே தூக்கிப் போடும் 'இஜெக்ட்'

'இஜெக்ட்' என்றதும் பென்டிரைவ்தான் நினைவுக்கு வரும். லத்தீன் வேரில் அதன் பொருள் 'வெளியே எறி'. இன்ஜெக்ட் என்றால் 'உள்ளே எறி', ரிஜெக்ட் என்றால் 'திருப்பி எறி'. மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிட்டால் மறக்கவே மறக்காது.

கூட்டத்தில் ரகளை செய்தவரைக் காவலர்கள் பிடித்து வெளியேற்றினால், 'ஹி வாஸ் இஜெக்டட் ஃப்ரம் த ஹால்'. அந்த 'ஃப்ரம்' முக்கியம், வேறு எதையும் போட்டுவிடாதீர்கள். தானாக எழுந்து போனவருக்கு 'லெஃப்ட்' போதும். விமானியின் கதை வேறு: ஆபத்தில் இருக்கையோடு அவரே வெளியே பாய்ந்தாலும் 'த பைலட் இஜெக்டட்' என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம், வாடகைக்கு இருப்பவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது 'எவிக்ட்', வெளிநாட்டவரை நாட்டைவிட்டு அனுப்புவது 'டிபோர்ட்'. அங்கெல்லாம் இஜெக்ட் வேண்டாம்.