கேரம் காய்களில் ஒரு நுண்குழல்: செல் தொடக்க இடத்தைத் தேர்வது எப்படி?

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் மாலை நேரங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் செல்லுக்குள் ஓடும், புரதத்தாலான மெல்லிய குழாய்களான நுண்குழல்களைக் கரும்பலகையில் வரைந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், இந்தக் குழல் எந்த இடத்தில் முளைக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது?” அருமையான கேள்வி. பதில் சொல்லத் தெருமுனைக் கேரம் பலகையே போதுமானதாக இருந்தது.

தேவையானவை: இரண்டு செட் கேரம் காய்கள், 13 தண்ணீர் பாட்டில் மூடிகள், தடித்த அட்டை, பசை, இருபக்க ஒட்டு நாடா, கவராயம், துணி மாட்டும் கிளிப் ஒன்று.

முதல் படி: ஒரு கறுப்புக் காயின் மேல் ஒரு வெள்ளைக் காயை நாடாவால் ஒட்டுங்கள். கறுப்பு ஆல்பா டியூபுலின், வெள்ளை பீட்டா டியூபுலின்; நுண்குழலைக் கட்டும் செங்கற்கள் போன்ற புரதங்கள் இவை. நிஜத்தில் இந்த ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். 18 ஜோடிகள் கிடைக்கும். சிவப்புக் காய்கள் வேண்டாம்.

இரண்டாம் படி: கேரம் பலகையில் பவுடரைத் தாராளமாகத் தூவுங்கள். ஒருவர் பலகையை விரலால் தட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் கோடு எதுவும் போடாமல் 13 ஜோடிகளை ஒன்றையொன்று தொடும்படி வட்டமாக வைக்கட்டும். இரண்டு மூன்று சேரும், உடனே நழுவும். இதை அவசரமாகக் கடக்காதீர்கள், பாடத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது. சில ஜோடிகள் மட்டும் சேர்ந்த சிறு கூட்டத்தில் பிடித்துக்கொள்ள அண்டை அயல் குறைவு. அதனால் சேர்வதைவிடப் பிரிவது எளிது. வளர்வதற்குப் பெரிய தடை இல்லை, தொடங்குவதற்குத்தான் தடை. சோதனைக்குழாயில் டியூபுலினைச் செறிவாக வைத்தால் குழல்கள் தாமாகவே உருவாகும். செல்லில் குழலின் சுவர் பெரும்பாலும் ஜோடிகள் நெடுக அடுக்கிய 13 இழைகளால் ஆனது; ஆனால் அந்தக் கணக்கு சோதனைக்குழாயில் நிற்பதில்லை, 14 வருவது சாதாரணம்.

மூன்றாம் படி: அட்டையில் 6.7 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, 3.2 செ.மீ. இடைவெளியில் 13 புள்ளிகள் குறித்து மூடிகளை ஒட்டுங்கள். நடுப்பகுதியை வெட்டி எடுத்து வளையமாக்குங்கள். இப்போது ஒவ்வொரு மூடியிலும் ஒரு ஜோடி, கறுப்பு கீழே, வெள்ளை மேலே. தட்டினாலும் வட்டம் நிற்கும். மீதி ஐந்து ஜோடிகளை அடுத்த அடுக்கில் ஏற்றுங்கள். வெள்ளை தெரியும் முனைதான் வேகமாக வளரும் முனை.

அந்த மூடிகள்தான் காமா டியூபுலின், குழல் முளைக்க அடித்தளம் தரும் இன்னொரு டியூபுலின் புரதம். 1989-இல் ஒரு பூஞ்சையில் அடையாளம் காணப்பட்டது. உண்மையான வளையத்தில் 14 இருக்கும். அது திருகுபோல் ஏறி, கடைசி மூடி முதல் மூடிக்கு மேலே வந்து நிற்கும். பொறுமை உள்ளவர்கள் மூடிகளுக்கு அடியில் அட்டைத் துண்டுகள் வைத்து, ஒரு சுற்றுக்கு மூன்று காய் உயரம் ஏறும்படி செய்து பாருங்கள். என் மாணவர்கள் இரண்டு மாலை செலவழித்தார்கள். அது வீணான நேரமல்ல.

நான்காம் படி: வளையத்தை ஓர் இடத்தில் கத்தரித்துச் சற்று விரித்துவிடுங்கள். காய்கள் சரியாக நெருங்காது. செல்லுக்குள் மிதந்து திரியும் வளையங்கள் பெரும்பாலும் இப்படி அடங்கியே கிடக்கின்றன. தனித்த வளையம் குழலின் வட்டத்துக்குச் சரியாகப் பொருந்தாமல் விரிந்திருப்பதை 2020-இல் வெளிவந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. இப்போது கிளிப்பால் வாயை மூடுங்கள். செல்லில் வளையத்தை எழுப்பும் புரதங்களில் ஒன்று சிடிகே5ராப்2. அதன் மரபணு பழுதானால் குழந்தை மிகச் சிறிய மூளையுடன் பிறக்கக்கூடும். ஆகவே கிளிப்பைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: பெரிய சார்ட் தாளில் ஒரு விலங்குச் செல்லை வரைந்து, வளையத்தை எங்கே வைக்கலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். முதல் இடம் சென்ட்ரோசோம், விலங்குச் செல்லில் நுண்குழல்கள் கிளம்பும் முக்கிய மையம். செல் பிரியும் நேரத்தில் அது கூடுதல் வளையங்களைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ளும். புரதங்களைப் பொதிந்து அனுப்பும் கால்ஜி உறுப்பும் ஓர் இடம். பிரியும் செல்லில் குரோமோசோம்களின் அருகிலும் குழல்கள் தொடங்கும். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: ஆக்மின் என்ற புரதக் கூட்டம் வளையத்தைக் கொண்டுபோய் ஏற்கெனவே உள்ள குழலின் பக்கவாட்டில் அமர்த்தும். அங்கிருந்து கிளை பிரிந்து, ஏறக்குறைய அதே திசையில் புதிய குழல் நீளும்.

கடைசியாகச் சென்ட்ரோசோமை அழித்துவிட்டுக் கேளுங்கள், “இப்போது?” எங்கள் மாடியை எட்டிப் பார்க்கும் முருங்கையில் ஓர் இலையைக் கிள்ளி அந்தத் தாளில் வைத்தேன். அதன் செல்களில் சென்ட்ரோசோமே கிடையாது. ஆக்மினும் காமா வளையமும் அங்கேயும் உண்டு.