சுவரில் பூஞ்சை படர்ந்தால் வீட்டுக் காப்பீடு பணம் தருமா?

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் வேலூரில் பல வீடுகளில் பீரோவை நகர்த்திப் பார்த்தால், பின்சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள் தெரியும். காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று உடனே விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். நிறுவனம் முதலில் கேட்பது பூஞ்சையைப் பற்றியன்று. அதை வளர்த்த தண்ணீர் எப்போது, எப்படி வந்தது என்பதைத்தான்.

ஆகவே முதலில் ஈரத்தின் மூலத்தைக் கண்டறியுங்கள். சுவரைத் துணியால் ஒற்றிவிட்டு, ஒரு சாண் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரங்களிலும் டேப் ஒட்டி, 2 நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; வெளிப்புறம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இப்படிப் பார்த்த பிறகுதான், மாடிக் குளியலறைக் குழாய் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதுவரை கடைக்கால் போட்ட கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, பாலிசியைப் படியுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டு பாலிசியில் தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பதும் நிரம்பி வழிவதும் காப்பீடு பெறும் நிகழ்வுகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதுபோல ஒரு வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் புகுந்து, அதனால் சுவரும் மரச்சாமானும் கெட்டிருந்தால், அந்தச் சேதத்தை நிகழ்வோடு இணைத்துக் கேட்க இடமுண்டு. எங்கள் வீட்டில் நடந்ததுபோன்ற மெல்லிய கசிவு பராமரிப்புக் குறையாகவே பார்க்கப்படும். அந்தச் செலவை நாங்களே ஏற்றோம்.

தண்ணீர் புகுந்தது வெள்ளத்தாலோ குழாய் வெடித்ததாலோ என்றால் தாமதிக்காதீர்கள், ஏனெனில் நனைந்த பொருளில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நீர் நின்ற உயரம் தெரியும்படி சுவரையும், உடைந்த குழாயையும், கெட்ட சாமான்களையும் தேதியோடு படமெடுத்து, நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். நீரை வெளியேற்றி அறையை உலர்த்தலாம், உலர்த்தவும் வேண்டும். ஆனால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த குழாயையும் கெட்ட சாமான்களையும் தூக்கியெறிந்துவிடாதீர்கள். குழாய்க்காரர் தரும் ரசீதில் பழுதின் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார், ஆனாலும் விடாதீர்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) கட்டணமின்றி முறையிடலாம்.