வீட்டில் அடைசல் திரும்பச் சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி

வீட்டில் சேர்ந்த அடைசலை ஒருமுறை காலி செய்வது இரண்டு நாள் வேலை. ஆறு மாதத்தில் பரண் மறுபடி நிரம்பினால் சுத்தம் செய்த விதத்தில் குறை இல்லை. பொருள் உள்ளே வரும் வழி திறந்தே கிடக்கிறது. வெளியே போவதற்கோ நாள் குறிக்கப்படவில்லை. இரண்டையும் சரிசெய்தால்தான் அடைசல் நீக்கிய வீடு அப்படியே நிற்கும். கீழே உள்ள அளவுகள் இரண்டு படுக்கையறையும் ஒரு பரணும் உள்ள வீட்டில் நான்கு பேர் குடியிருப்பதாக வைத்துச் சொன்னவை.

சும்மா வருபவை

கடையில் யோசித்து வாங்கும் பொருளுக்கு வீட்டில் ஓர் இடம் இருக்கும். சும்மா வருவதற்குத்தான் இடம் இருக்காது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே பிரித்துவிட வேண்டும். தேங்காய் சமையலறைக்கு, வெற்றிலை பாக்கு பூஜை அலமாரிக்கு. உள்ளே இருக்கும் சின்னக் கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா, குங்குமச் சிமிழ் இவற்றை இந்த வாரமே பயன்படுத்துவீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நேராக, வெளியே கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் பைக்குப் போகட்டும். ‘யாருக்காவது வைத்துக் கொடுக்கலாம்’ என்று அலமாரியில் ஏற்றினால் அடுத்த விசேஷத்துக்கு அதன் ஞாபகம் வராது, புதிதாகத்தான் வாங்குவீர்கள்.

ஜனவரியில் மளிகைக் கடை, நகைக் கடை, வங்கி என்று காலண்டர்கள் வந்து சேரும். தினசரி ஒன்று, மாதக் காலண்டர் ஒன்று போதும். மற்றதைக் கடையிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் சாமி படம் போட்ட தாளைத் தூக்கிப்போட மனம் வராது.

ஹோட்டல் பார்சல் டப்பாவுக்கும் கணக்கு வேண்டும்: மூடி சரியாகப் பொருந்துவது ஆறு. ஏழாவது வந்தால் இருப்பதில் மஞ்சள் கறை ஏறியதோ, ஓரம் வெடித்ததோ ஒன்று வெளியே போக வேண்டும். மூடியைத் தனியாகவும் டப்பாவைத் தனியாகவும் அடுக்காதீர்கள். ஜோடி இல்லாத மூடிகள் சேர்வது அப்படித்தான். மூடியோடு வைத்தால் இடம் சீக்கிரம் தீரும், எண்ணிக்கையும் தானாகக் கட்டுப்படும். துணிப்பைகள் ஐந்து போதும். அவற்றில் இரண்டு வண்டியிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும். வீட்டில் தொங்கும் பை கடையில் உதவாது.

ஆன்லைனில் வரும் அட்டைப் பெட்டியைப் பிரித்த அன்றே முகவரிச் சீட்டைக் கிழித்துவிட்டு, தட்டையாக மடித்து பேப்பர் கட்டோடு வையுங்கள். பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம் என்றால், அதற்கான கடைசித் தேதியைப் பெட்டி மேலேயே எழுதுங்கள்.

கொடுக்கும் பை

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பை. வேண்டாம் என்று தோன்றியது எதுவானாலும் அதில். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது வீட்டை விட்டுப் போக வேண்டும். உள்ளே போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது. துணியைத் துவைத்து, அறுந்த பட்டனைத் தைத்த பிறகே போடுங்கள். நீங்களே உடுத்தத் தயங்குவதைப் பிறருக்குக் கொடுப்பது மரியாதையில்லை. கிழிந்த பருத்தித் துணியைக் கைப்பிடித் துணியாக வெட்டி நான்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பழைய பேப்பர் கடைக்கும் அன்றே போகலாம். செய்தித்தாள், அட்டை, பிளாஸ்டிக், இரும்பு, அலுமினியம் எல்லாம் விலை வேறு. ஒரே மூட்டையாகக் கட்டினால் குறைந்த விலைக்குத்தான் எடுப்பார்கள். பாத்திரக் கடையில் பழைய எவர்சில்வரைப் போட்டு வேறு பாத்திரம் எடுக்கும் பழக்கம் அடைசலைக் குறைப்பதில்லை. கூடுமானவரை பணமாகக் கேளுங்கள்.

காகிதம்

பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கடன் முடித்ததற்கான கடிதம், பிறப்பு இறப்புச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல்கள், சொத்து வரி ரசீதுகள் ஆகியவை ஒரே கோப்பில், என்றைக்கும். கரண்ட் பில் கட்டிய விவரம் இணையத்திலேயே இருக்கிறது, சேர்த்து வைக்க வேண்டாம். ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற வழவழப்பான தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டி உள்ள பொருளின் பில்லை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வாரண்டி அட்டையோடு பின் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகையைத் தேதி, மண்டபம் தெரியும்படி போட்டோ எடுத்தால் போதும். பிள்ளையார் படம் உறுத்தினால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் பேப்பர் கட்டில் சேருங்கள்.

பரண்

ஒரு வருஷம் தொடாததைத் தூக்கிப்போடு என்பது நம் வீட்டுக்கு அப்படியே சரிவராது. கொலுப் பொம்மையும் பொங்கல் பானையும் வருஷத்துக்கு ஒருமுறைதான் இறங்கும். ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கமும் இரண்டு வரி எழுதி ஒட்டுங்கள்: உள்ளே என்ன, கடைசியாக எந்த மாதம், எந்த வருஷம் கீழே இறங்கியது. ஒரு முழு வருஷச் சுற்று முடிந்தும் தேதி மாறாத பெட்டி கீழே வரட்டும். பரணில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். முன்வரிசையை நகர்த்த இடமில்லாவிட்டால் பின்வரிசையை யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

பரணில் அட்டைப் பெட்டியே கூடாது. அட்டையின் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டைக்கூட்டை ஒட்டும். பசையைத் தின்ன ராமபாணப் பூச்சி வரும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ தகரப் பெட்டியோ நல்லது. ஆனால் பொருள்களைக் குறைத்து முடிப்பதற்கு முன் பெட்டி வாங்கிவிடாதீர்கள். காலிப் பெட்டி இருந்தால் அதை நிரப்பப் பொருள் தானாக வரும்.

பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி ஜரிகை கறுக்கும். மெல்லிய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே இற்றுப்போகும். மாற்றிமாற்றி மடிக்க அலுப்பாகும் அளவுக்குப் புடவைகள் இருந்தால், வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாம்.

தட்டையான இடங்கள்

சாப்பாட்டு மேசை, பிரிட்ஜ் தலை, வாஷிங் மெஷின் மூடி, ஒரு நாற்காலி. அடைசல் முதலில் குடியேறுவது இங்கேதான். நாற்காலியில் துணி குவிவது சோம்பேறித்தனத்தால் இல்லை. ஒருமுறை உடுத்திய துணி அழுக்குக் கூடைக்கும் பொருந்தாது, அலமாரிக்கும் பொருந்தாது. ஆளுக்கு இரண்டு கொக்கி கதவுக்குப் பின்னால் அடித்துவிட்டால் நாற்காலி காலியாகும். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் இந்த நான்கு இடங்களை மட்டும் துடைத்து வைத்தால் போதும். அலமாரியைத் திறக்க வேண்டாம்.

அடுத்தவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் போடாதீர்கள். அம்மாவின் பித்தளை அண்டாவைக் கேட்காமல் கடையில் போட்டால், அதற்குப் பிறகு அவர் ஒரு காலி டப்பாவைக்கூடத் தர மாட்டார். பெரியவர்களுக்கு ஓர் அலமாரி, பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்று எல்லையை மட்டும் சொல்லுங்கள். அதற்குள் எது இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

வருஷாந்திரக் கணக்கைப் போகி வரை தள்ளிப்போடாமல் மார்கழி பாதியிலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளில் இறக்கினால் பிரித்துக் கொடுக்க நேரம் இருக்காது, எல்லாம் தெருவில் தீயில் போகும். பிளாஸ்டிக், டயர், ரெக்ஸின் எரிந்தால் வரும் புகை நஞ்சு. பழைய சார்ஜர், பேட்டரி, ரிமோட்டைக் குப்பையோடு கலக்காமல் தனி டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.