திருப்பியது கையா, காரா?

“அத்தான், கார்தான் வலப்பக்கம் ஓடுகிறது. நான் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை.” ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் என் மைத்துனன் இதைத்தான் சொல்வான். மிச்சிகனில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ஒரு பழைய மஸ்டாங் காரை டிராக் (drag) பந்தயத்தில், அதாவது இரண்டு கார்கள் தனித்தனித் தடத்தில் நேர்கோட்டில் பாயும் பந்தயத்தில் ஓட்டுகிறோம். கால் மைலை 10.4 விநாடியில் கடக்கும். முடிவுக் கோட்டில் மணிக்கு 128 மைல் வேகம். ஓட்டுவது அவன். பதிவுக் கருவியும் மடிக்கணினியும் என் பொறுப்பு. இரு தடங்களுக்கும் இடையிலான நடுக்கோட்டைத் தாண்டினால் ஓட்டமே செல்லாது என்பதால், அவன் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளவும் முடியவில்லை, அப்படியே நம்பவும் முடியவில்லை. அதனால் ஸ்டியரிங்கில் சென்சார் பொருத்தினேன்.

முதல் வேலை, சரியான பொட்டென்ஷியோமீட்டரைத் தேர்ந்தெடுப்பது. ஸ்டியரிங் திரும்பும் அளவை வோல்ட்டாக மாற்றிச் சொல்லும் சென்சார் அதுதான். பத்துச் சுற்று சுழலும் வகை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். 5 வோல்ட்டை 3600 டிகிரிக்குப் பங்கிட்டால் ஒரு டிகிரிக்கு 1.4 மில்லிவோல்ட்தான் வரும். 12 பிட் லாகர், அதாவது பதிவுக் கருவி, பிரித்தறியும் ஒரு படியே 1.2 மில்லிவோல்ட், நமக்கு வேண்டிய சிறு அசைவுகள் அந்தப் படிக்குள்ளேயே தொலைந்துபோகும். மூன்று சுற்று வகையில் டிகிரிக்கு 4.6 மில்லிவோல்ட் கிடைக்கிறது. எங்கள் ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரைச் சுற்றுதான், அதனால் அது தாராளமாகப் போதும்.

ஸ்டியரிங் தண்டில் ஒரு சிறிய பல்சக்கரம், அதே அளவில் சென்சாரிலும் ஒன்று, இரண்டுக்கும் நடுவே பல் வைத்த ரப்பர் பட்டை. கழற்றி மாட்டும் ஸ்டியரிங் வளையமாக இருந்தால், பூட்டுக்குக் கீழே தண்டின் பக்கம் பொருத்துங்கள். இந்த இடத்தில் அவசரம் கூடாது. சென்சார் உடைந்தால் ஒரு வரைகோடு போகும். அதன் தாங்கியோ பட்டையோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் போவது ஆள். அதனால் தாங்கியை மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்தேன்: சிக்கினால் தகடுதான் வளைய வேண்டும், ஸ்டியரிங் நிற்கக் கூடாது. பொருத்திய பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, இரு கோடிக்கும் இருபது முறை திருப்பிப் பாருங்கள். கையில் சிறு உறுத்தல் தெரிந்தாலும் கழற்றி மறுபடி செய்யுங்கள்.

கம்பி கவசமிட்டதாக இருக்கட்டும். ஸ்பார்க் பிளக் கம்பிகளை ஒட்டி அதைக் கொண்டுபோகாதீர்கள். லாகருக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். அது பதிவு மட்டுமே செய்யலாம், காரில் எதையும் இயக்கக் கூடாது என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி.

அளவு திருத்த, ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் வெள்ளை டேப் ஒன்றை ஒட்டினேன். முன்சக்கரங்களை நூல் பிடித்து நேராக்கி அதைப் பூச்சியமாகக் குறித்தேன். டிஜிட்டல் கோணமானியை வைத்து இருபுறமும் 30, 60, 90 டிகிரிகளில் வோல்ட்டை எழுதிக்கொண்டேன். வலப்பக்கம் கூட்டல், இடப்பக்கம் கழித்தல்.

ஸ்டியரிங் கோடு மட்டும் இருந்தால் வழக்குத் தீராது. கார் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்ல ஒரு ஜைரோ வேண்டும். காரின் நடுப்பகுதியில், தரைக்கு இணையாக அதை வையுங்கள். அதற்கும் வலப்பக்கமே கூட்டல். நடை வேகத்தில் வலப்புறம் ஒரு வளைவு எடுத்து, இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்று காட்ட முன் ஷாக் அப்சார்பரில் ஒரு நீள அளவி, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டில் ஒரு வேக சென்சார். இந்த நான்கையும் விநாடிக்கு 100 முறை பதிவு செய்தால் போதும்.

பிறகு நான்கையும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, எது முதலில் அசைந்தது என்று தேடுங்கள். ஸ்டியரிங் முந்தினால் கை. ஜைரோ முந்தினால் கார். அதற்கும் முன்னால் டிரைவ் ஷாஃப்ட் கோடு திடீரென எகிறியிருந்தால், டயர் வழுக்கியதில் தொடங்கிய கதை.

எங்கள் காரில், புறப்பட்ட 0.35 விநாடியில் ஜைரோ வலப்பக்கம் ஏறியது. அப்போது ஸ்டியரிங் கோடு மேசைபோலத் தட்டையாக இருந்தது. மைத்துனன் சொன்னது உண்மை! ஆனால் 0.6 விநாடியில் அவன் இடப்பக்கம் திருப்பத் தொடங்கியிருந்தான். ஷாக் கோட்டைப் பார்த்தால், புறப்பட்ட வேகத்தில் மூக்கு தூக்கி, அந்த நேரத்தில் முன்சக்கரங்கள் தரையிலேயே இல்லை. காற்றில் நிற்கும் சக்கரத்தைத் திருப்பிக் கார் எப்படித் திரும்பும்? திரும்பவில்லை என்பதால் இன்னும் திருப்பியிருக்கிறான். 1.2 விநாடியில் சக்கரங்கள் இறங்கியபோது ஸ்டியரிங் 22 டிகிரி இடப்பக்கம் இருந்தது. அந்த நொடியில் ஜைரோ கோடு கத்திபோல எதிர்ப்பக்கம் பாய்ந்தது. தொடங்கியது கார், பெரிதாக்கியது அவன்.

ஒரு எச்சரிக்கை, என் சொந்தச் செலவில் கற்றது. கோடு அழகாகத் தெரிய வேண்டுமென்று ஒருமுறை ஸ்டியரிங் பதிவை மட்டும், முந்தைய அரை விநாடியின் சராசரியாக மாற்றினேன். அது கோட்டையே கால் விநாடி பின்னுக்குத் தள்ளிவிட்டது. கை முந்திய ஓட்டத்தில் கார் முந்தியதுபோலத் தெரிந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் பின்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றிப்போட்டுக் குற்றம் தேடினேன். மென்மையாக்குவதானால் எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் மென்மையாக்குங்கள்.

காரின் பங்குக்கு மருந்து எளிது. புறப்படும்போது டிரைவ் ஷாஃப்டின் முறுக்கு பின் அச்சின் வலக்கோடியைத் தூக்கப் பார்க்கிறது. இடப் பின்சக்கரம் அதிகமாகத் தள்ளுவதால் மூக்கு வலப்பக்கம் போகிறது. வலப் பின் ஸ்பிரிங்குக்குள் இருக்கும் காற்றுப்பைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றினோம். மூன்றாவது ஓட்டத்தில் ஜைரோ அடங்கியது. அளவு மீறினால் கார் இடப்பக்கம் போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மைத்துனனுக்கு ஒரே கட்டளை: மூக்கு இறங்கும்வரை வெள்ளை டேப் உச்சியில் நிற்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் 22 டிகிரி 4 ஆகியிருந்தது. திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “அந்த நாலும் நான் இல்லை, அத்தான்” என்றான்.