லாரி லைசென்ஸ் புதுப்பிக்க: டாக்டரிடம் போகும் முன் கண்ணாடிக் கடைக்குப் போங்கள்

கனரக வாகன லைசென்ஸ் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே கண்ணைச் சோதித்து, தேவைப்பட்டால் கண்ணாடி வாங்கிவிடுங்கள். படிவம் 1-ஏ மருத்துவச் சான்றிதழுக்கு டாக்டரிடம் போவது அதற்குப் பிறகு.

அந்தப் படிவம் கேட்பதில் முக்கியமானது பார்வைதான்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா, கடுமையான அல்லது முழு நிறக்குருடு உண்டா, மாலைக்கண் உண்டா. பார்வைக் குறையைக் கண்ணாடியால் சரிசெய்திருந்தால் போதும் என்பதால், கண்ணாடியோடு போனால் ஒரே நடையில் வேலை முடியும். சர்க்கரை உள்ளவர்கள் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும், புதுக் கண்ணாடி வீண். டாக்டர் முத்திரையும் கையெழுத்தும் சரியாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு 30 நாள் சலுகை உண்டு என்று ஸ்டாண்டில் இன்னும் சொல்வார்கள். 2019 சட்டத் திருத்தத்தில் அது போய்விட்டது. போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். பெட்ரோல், ஆசிட் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு 3 ஆண்டுதான்.

கடுமையான அல்லது முழு நிறக்குருடுக்கு இந்த வழி உதவாது. லைசென்ஸ் முடிந்து ஓராண்டு தாண்டியிருந்தால், கண் சரியாக இருந்தாலும் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும்.