காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி? குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடும் முறை

'ஒரு பாலாடை', 'அரை மூடி', 'போன தடவை கொடுத்த அதே அளவு' என்றுதான் பல வீடுகளில் குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் போகிறது. மில்லி என்பது நீர்மத்தின் அளவு. அதற்குள் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பதை மில்லிகிராம்தான் சொல்லும். ஒரே மருந்து, ஒரே 5 மி.லி., ஆனால் பாட்டில் மாறினால் உள்ளே போவது நான்கு மடங்குவரை மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால் கீழே உள்ள கணக்கு எதுவும் வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 1: இன்றைய எடை

வயதை வைத்து அளவு போடாதீர்கள். ஒரு வயதுக் குழந்தை 7 கிலோவும் இருக்கும், 11 கிலோவும் இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறி, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 2: மில்லிகிராம்

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. இதுதான் வழக்கமான அளவு. 8 கிலோ குழந்தைக்கு 80 முதல் 120 மி.கி. இந்த எண்ணைத் தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பெருக்கல் சரியாக வராது.

படி 3: பாட்டிலில் உள்ள செறிவு

லேபிளில் 'ஒவ்வொரு 5 மி.லி.யிலும்' அல்லது 'ஒவ்வொரு மி.லி.யிலும்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். நம் மெடிக்கல் ஷாப்களில் பெரும்பாலும் கிடைப்பவை மூன்று வகை: 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.யில் 240 அல்லது 250 மி.கி. உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள டிராப்ஸ். பெயரோடு 'டி.எஸ்.' என்று ஒட்டியிருந்தால் அது இரட்டைச் செறிவு.

'டிராப்ஸ் கைக்குழந்தைக்கு, அதனால் மென்மையானது' என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மை நேரெதிர். மூன்றில் அதுதான் மிகவும் செறிவானது. சின்ன வாயில் கொஞ்சமாக ஊற்றினால் போதும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

படி 4: மில்லியாக மாற்றுதல்

தேவையான மி.கி.யை, 1 மி.லி.யில் உள்ள மி.கி.யால் வகுங்கள். 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 120 சிரப்பில் 5 மி.லி., 250 சிரப்பில் 2.4 மி.லி., டிராப்ஸில் 1.2 மி.லி.

இப்போது தப்பு நடக்கும் இடத்தைப் பாருங்கள். டாக்டர் 120 சிரப்பில் 5 மி.லி. என்று எழுதியிருக்கிறார்; கடையில் ஸ்டாக் இல்லாமல் 250 கொடுத்துவிட்டார்கள்; வீட்டில் அதே 5 மி.லி. ஊற்றுகிறார்கள். இரண்டு மடங்கு உள்ளே போய்விட்டது. அதுவே டிராப்ஸில் 5 மி.லி. என்றால் 500 மி.கி. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதுக்குமான உச்ச அளவே (120 வீதம் 4 வேளை) 480 மி.கி. தான். பாட்டில் மாறினால் படி 3-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.

படி 5: அளந்து கொடுத்தல்

ஊசியைக் கழற்றிய 5 மி.லி. சிரிஞ்ச் போதும், அதில் ஒரு சின்னக் கோடு 0.2 மி.லி. டிராப்ஸுக்கு 2 மி.லி. சிரிஞ்ச் நல்லது. முனையில் மாட்டும் குட்டி மூடியை அப்போதே குப்பையில் போடுங்கள், தொண்டையில் சிக்கும். வீட்டு ஸ்பூன் ஆளுக்கு ஆள் வேறு, பாலாடையில் கால்வாசி ஒட்டிக்கொள்ளும். ஒரு பாட்டிலின் ஃபில்லரை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

சஸ்பென்ஷன் என்று போட்டிருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். மருந்து அடியில் தங்கும் என்பதால் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் சத்தில்லாத தண்ணி, கடைசி நாள் கெட்டி மருந்து. கன்னத்தின் உட்புறமாக, மெதுவாக விடுங்கள்.

படி 6: இடைவெளி

மருந்து வேலையைக் காட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருப்பதில் பாதி குறைகிறது. ஆகவே நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் காய்ச்சல் திரும்ப ஏறுவது இயல்பு; மருந்து போலி என்று அர்த்தமில்லை. அரை மணியில் சூடு இறங்கவில்லையே என்று இன்னொரு வேளை கொடுப்பதுதான் தவறு. குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 வேளை. கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். அம்மா கொடுத்ததை அறியாமல் பாட்டியும் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது.

படி 7: ஒளிந்திருக்கும் பாராசிட்டமால்

சளி சிரப்பின் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். ஆசனவாயில் வைக்கும் மருந்திலும் அதுவே இருக்கலாம். எல்லாம் ஒரே கணக்கில் சேர வேண்டும். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். நிமெசுலைடு என்ற காய்ச்சல், வலி மருந்து 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

டெங்கு சந்தேகம் இருக்கும் மழைக்காலத்தில் இபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகிய காய்ச்சல், வலி மருந்துகள் மூன்றையும் தொடாதீர்கள். ரத்தக்கசிவு கூடும்.

அளவு மீறிவிட்டால்

பாராசிட்டமாலின் சிறு பங்கைக் கல்லீரல் ஒரு நச்சுப்பொருளாக மாற்றுகிறது. கல்லீரலிலேயே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனே முறித்துவிடும். அளவு மிஞ்சினால் அந்தக் கையிருப்பு தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களையே தாக்கும். நாலைந்து நாள் சாப்பிடாத, வாந்தி எடுத்த குழந்தையிடம் கையிருப்பு முன்பே குறைந்திருக்கும்.

முதல் நாள் குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கலாம். பாதிப்பு இரண்டாம், மூன்றாம் நாள்தான் வெளியே தெரியும். அதனால் 'நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்காதீர்கள். 15 மி.லி. டிராப்ஸ் பாட்டிலை 8 கிலோ குழந்தை முழுதாகக் குடித்துவிட்டால் அது 1500 மி.கி., கிலோவுக்கு ஏறக்குறைய 188 மி.கி.; ஒரு வேளையின் உச்சமான 15-ஐப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், ஆம்புலன்ஸுக்கு 108. எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.