லினக்ஸ் பிரிட்ஜ்ல எஸ்டிபி: எல்லாரும் மாட்டிக்கிற இடங்கள்

லினக்ஸ்ல ஒரு பிரிட்ஜ் (பல நெட்வொர்க் போர்ட்டை ஒண்ணா சேத்து வைக்கிற சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) போட்டுட்டா எஸ்டிபியும் (ஸ்பேனிங் ட்ரீ, லூப் வராம ஒரு போர்ட்டை அடைச்சு வைக்கிறது) கூடவே ஓடும்னு நிறைய பேர் நம்பிட்டிருக்காங்க. ஓடாது, கெர்னல்ல அது டிஃபால்ட்டா ஆஃப். ரெண்டு கேபிள் போட்டு லூப் ஆனாலும், மேல இருக்கிற மேனேஜ்டு ஸ்விட்ச்ல (செட்டிங் மாத்தக்கூடிய ஸ்விட்ச்) எஸ்டிபி ஓடினா தப்பிச்சீங்க, ஏன்னா எஸ்டிபி ஆஃப்ல இருக்கிற லினக்ஸ் பிரிட்ஜ் பிபிடியுவை (எஸ்டிபி பேசிக்கிற பாக்கெட்) முழுங்காம அந்தப் பக்கம் தள்ளிவிட்டுடும், ஸ்விட்ச் தன்னோட பிபிடியுவையே பாத்துட்டு ஒரு போர்ட்டை அடைச்சிடும். எஸ்டிபி இல்லாத சாதா ஸ்விட்ச்சுக்கு ரெண்டு கேபிள் இழுத்து ரெண்டையும் ஒரே பிரிட்ஜ்ல சேத்தீங்கன்னா கதை முடிஞ்சுது, ஈதர்நெட் ஃப்ரேம்ல டிடிஎல் (இத்தனை தடவைக்கு மேல போகாதேங்கிற எண்ணிக்கை) கிடையாது, ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போற அட்ரஸ் கேள்வி) போதும், சுத்திக்கிட்டே இருக்கும், லைட்டெல்லாம் வெறி புடிச்ச மாதிரி மினுக்கும், எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் சரி பண்ணவும் முடியாது, ஓடிப்போய் கேபிளைப் புடுங்கணும். ஒரு லைன் செத்தா இன்னொண்ணு வேணும்ங்கிறதுக்காகத்தான் ரெண்டு கேபிள்னா அதுக்கு பாண்ட் (ரெண்டு லைனையும் ஒண்ணாக் கட்டுறது) போடுங்க, எஸ்டிபியே வேண்டாம்.

சரி, எஸ்டிபி ஆன் பண்ணியாச்சு. உடனே எல்லாரும் கை வைக்கிறது ஃபார்வர்ட் டிலேல, அதாவது போர்ட் திறக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டத்துலயும் காத்திருக்கிற நேரத்துல. லிசனிங் 15 செகண்ட், லேர்னிங் 15 செகண்ட், ஆக 30 செகண்ட் போர்ட் சும்மா நிக்கும், அதுக்குள்ள டிஹெச்சிபி (ஐபி அட்ரஸ் வாங்குறது) டைம்அவுட் ஆயிடும், பிஎக்ஸ்இ பூட்டும் (நெட்வொர்க்ல இருந்து பூட் ஆகுறது) ஊத்திக்கும், குறைக்கணும்னு தோணுறது நியாயம்தான். ஆனா பழைய பிஆர்சிடிஎல் கமாண்ட்ல நம்பரை செகண்ட்ல குடுக்கணும், ஐபி லிங்க் கமாண்ட்ல செகண்ட்ல நூத்துல ஒரு பங்கு, அதாவது 15 செகண்டுக்கு 1500. எஸ்டிபி ஆன்ல இருக்கும்போது 15னு அடிச்சா எரர் அடிக்கும், நல்லது. ஆஃப்ல இருக்கும்போது அடிச்சா 0.15 செகண்ட்னு சத்தமில்லாம எடுத்துக்கும், அப்புறம் எஸ்டிபி ஆன் பண்ணதும் கெர்னலே அதை 2 செகண்டுக்கு ஏத்தி வைக்கும், நீங்க 15 ஓடுதுன்னு நினைச்சிட்டிருப்பீங்க.

அதை மட்டும் தனியா குறைக்கவும் கூடாது. ஃபார்வர்ட் டிலேல ஒண்ணு கழிச்சு ரெண்டால பெருக்கினா வர்றது மேக்ஸ் ஏஜை (வந்த பிபிடியு தகவலை எத்தனை செகண்ட் வச்சிருக்கலாம்ங்கிறது) விடக் குறையக் கூடாது. டிஃபால்ட்ல 28க்கு 20, பிரச்னையில்ல. டிலேயை 4 ஆக்கிட்டு மேக்ஸ் ஏஜை 20லயே விட்டா 6க்கு 20, பழைய தகவல் காலாவதி ஆகுறதுக்கு முன்னாடியே போர்ட் திறந்து கொஞ்ச நேரம் லூப் வரலாம். கெர்னல் இந்தக் கணக்கை செக் பண்ணாது.

இவ்வளவு பண்ணியும் ஒண்ணுமே மாறலையா? நீங்க ரூட் பிரிட்ஜ் இல்ல, அதாவது எஸ்டிபி தலைவரா தேர்ந்தெடுத்த பெட்டி இல்ல. டைமர் எல்லாம் ரூட் பிரிட்ஜ் சொல்றதுதான், மத்தவங்க அதைத்தான் எடுத்துக்குவாங்க. அதனால எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஐபி லிங்க்ல டீட்டெயில் ஆப்ஷனோட பாருங்க, ரூட் போர்ட் 0னு இருந்தா நீங்கதான் ரூட்.

அப்படி இருந்தா அதுவே பெரும்பாலும் தப்புதான். பிரையாரிட்டி நம்பர் சின்னதா இருக்கிறவர்தான் ரூட், ஆனா எல்லா பெட்டிலயும் அது 32768லயே கிடக்கும், அப்போ சின்ன மேக் அட்ரஸ் (நெட்வொர்க் போர்ட்டோட அடையாள நம்பர்) யார்கிட்ட இருக்கோ அவர் ஜெயிச்சிடுவார். லினக்ஸ் பிரிட்ஜுக்கு நீங்களா மேக் குடுக்கலைன்னா சேர்ந்திருக்கிற போர்ட்டுகள்ல எது சின்னதோ அதை எடுத்துக்கும், ஒரு விஎம் (வர்ச்சுவல் மெஷின்) ஸ்டார்ட் ஆகி அதோட டேப் (விஎம்மோட வர்ச்சுவல் போர்ட்) சேர்ந்ததும் பிரிட்ஜோட ஐடியே மாறிடலாம், மொத்த நெட்வொர்க்கும் திரும்ப ரூட் தேடும். விஎம் நடத்துற லிப்வெர்ட், டேப்புக்கு எஃப்இன்னு ஆரம்பிக்கிற பெரிய மேக்கா வைக்கிறது இதுக்காகத்தான். பிரிட்ஜுக்கு மேக்கை ஃபிக்ஸ் பண்ணிடுங்க, பிரையாரிட்டி 61440 வைங்க, ரூட்டா இருக்க வேண்டிய கோர் ஸ்விட்ச்ல 4096. நடுவுல ஏதாவது வேணும்னா 4096ஓட மடங்காவே குடுங்க.

ஆர்எஸ்டிபி (எஸ்டிபியோட வேகமான வெர்ஷன்) கெர்னல்ல கிடையாது, எம்எஸ்டிபிடிங்கிற புரோகிராமைத் தனியா போடணும். மைக்ரோடிக் ரவுட்டர்ல ஆர்எஸ்டிபி டிஃபால்ட்டாவே ஆன், அந்தப் பழக்கத்துல இங்க வந்து தேடாதீங்க.

கடைசியா, ஸ்விட்ச்காரர்கிட்ட உங்க போர்ட்ல பிபிடியு கார்ட் (பிபிடியு வந்தா போர்ட்டை மூடிடுற பாதுகாப்பு) இருக்கான்னு கேக்காம எஸ்டிபி ஆன் பண்ணாதீங்க. இருந்தா உங்க முதல் பிபிடியு போனதுமே போர்ட் எர்ர்டிசேபிள் ஆயிடும், ஹோஸ்ட்டோட அதுல இருக்கிற அத்தனை விஎம்மும் சேர்ந்து போகும், நீங்க உங்க பக்கம் எஸ்டிபியை ஆஃப் பண்ணாலும் அது தானா திரும்ப வராது. ஆட்டோ ரிகவரி போட்டு வைக்கலைன்னா ஸ்விட்ச்ல யாராவது போர்ட்டை ஷட் பண்ணி திரும்ப எழுப்பணும். ராத்திரி ரிமோட்ல இருந்து பண்ணிட்டிருந்தீங்கன்னா அந்த யாராவதை ஃபோன் போட்டு எழுப்புறதும் உங்க வேலைதான்.